டீ ஆறுவதற்குள் முடிகிற ஜாம் விளையாட்டு: உங்களுக்குப் பிடித்தது எது?

ஜெராக்ஸ்கடை எழுதியது:

திண்டுக்கல் பக்கம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டராக இருந்தது. இப்போது போர்டில் மட்டும் அப்படி இருக்கிறது. கம்ப்யூட்டர் மூன்று. வாசலைப் பார்த்து இருப்பது என்னுடையது, 2 ஜிபி ராம். பெரிய விளையாட்டு எதுவும் அதில் ஏறாது. ஏறினாலும் விளையாட விட மாட்டார்கள். உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆவதற்குள் "அண்ணே, ஆதார் ரெண்டு காப்பி, பேக் டு பேக்" என்று ஒரு கை நீளும். அதனால் பத்துப் பன்னிரண்டு வருஷமாக எனக்கு ஜாம் விளையாட்டுதான் கதி.

புதிதாக வருகிறவர்களுக்கு: ஜாம் என்பது குறித்த நேரத்துக்குள் ஒரு விளையாட்டை முழுதாகச் செய்து முடிக்கிற பந்தயம். தலைப்பை ஆரம்பிக்கும்போதுதான் சொல்வார்கள். 2002-இல் தொடங்கிய லூடம் டேர் என்கிற இணைய ஜாமில் தனி ஆளாக இறங்கினால் 48 மணி நேரம். கோட், படம், சத்தம் எல்லாமே அதற்குள் புதிதாகச் செய்தாக வேண்டும். கூட்டாக இறங்கினால் 72. தூக்கமும் சாப்பாடும் அந்தக் கணக்கிலேயேதான் வரும். அதனாலேயே இந்த விளையாட்டுகளில் வீண் சதை இருக்காது.

எனக்குப் பிடித்தது 'தி ரிபப்ளியா டைம்ஸ்'. 2012 ஏப்ரலில் நடந்த லூடம் டேருக்காக லூகாஸ் போப் செய்தது. அந்த முறை தலைப்பு 'குட்டி உலகம்'. நிறையப் பேர் உருண்டையாக ஒரு சின்னக் கிரகம் வரைந்து அதன்மேல் ஆளை ஓடவிட்டிருந்தார்கள். இவர் ஒரு செய்தித்தாளின் முதல் பக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

நீங்கள்தான் ஆசிரியர். போர் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது, மக்களுக்கு அரசாங்கத்தின்மேல் விசுவாசம் இல்லை. அதைக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. நீங்கள் ஒழுங்காக வேலை பார்க்க வேண்டும் என்பதற்காக உங்கள் மனைவியும் பிள்ளையும் அரசாங்கத்தின் கையில் இருக்கிறார்கள். இடது பக்கம் செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழும். எதை எடுப்பது, எதை விடுவது, எடுத்ததைச் சின்னதாகப் போடுவதா, பெரிதாகப் போடுவதா, இவ்வளவுதான் விளையாட்டு. நாட்டைப் புகழ்கிற செய்தியையே போட்டால் விசுவாசம் ஏறும், ஆனால் பேப்பரை ஒருவரும் வாங்க மாட்டார்கள். வானிலை, விளையாட்டுச் செய்தி என்று போட்டால் வாங்குவார்கள், மேலிடம் முறைக்கும். கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் லே-அவுட் செய்து பிழைக்கிறவனுக்கு இது விளையாட்டாகவே தெரியவில்லை. தாய்மாமன் பெயர் இரண்டு பாயிண்ட் சின்னதாகிவிட்டது என்று 500 பத்திரிகை என் கடைக்கே திரும்பி வந்திருக்கிறது. எழுத்தின் அளவுக்குள் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை ஓர் ஆள் இரண்டு நாளில் மௌஸில் இழுத்துப் போடுகிற மாதிரி செய்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம். நாள் போகப் போக அந்தச் செய்திகளுக்கு நடுவே உங்களுக்கென்றே சில வரிகள் வர ஆரம்பிக்கும். அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

அடுத்த வருஷமே அவர் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கொண்டுவந்து உலகப் புகழ் பெற்றார். எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் சரிபார்க்கிற விளையாட்டு. இந்த ரிபப்ளியா அதிலும் பக்கத்து நாடாக வரும். நல்ல விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க அடுத்தவர் அடையாள அட்டையைப் பார்க்கிற நான், சாயங்காலமும் அதையே பார்க்க வேண்டுமா?

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஜாம் விளையாட்டுகள் பல, பிரவுசரில் படமும் விளையாட்டும் ஓட்டுகிற ஃபிளாஷ் என்ற சாஃப்ட்வேரில் செய்தவை. 2020 டிசம்பரோடு ஃபிளாஷை மூடிவிட்டார்கள். நான் முன்யோசனையாக நாற்பது ஐம்பது விளையாட்டுகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்தேன். ஒரு கல்லூரிப் பையன் ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க அவசரமாகக் கேட்டான் என்று அதையே கொடுத்தேன். அவன் ஃபார்மேட் செய்துவிட்டுத்தான் தன் ஃபைலை ஏற்றியிருக்கிறான். ரொம்ப மரியாதையான பையன், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஜாமில் செய்த விளையாட்டுகளில் உங்கள் மனதில் நின்றது எது? நிபந்தனை இரண்டு. என் மெஷினில் ஓட வேண்டும். டீ ஆறுவதற்குள் ஒரு சுற்று முடிய வேண்டும்.

*

மலையேறி எழுதியது:

'செலஸ்டே'. 2018-இல் வந்த பெரியதைச் சொல்லவில்லை. 2015-இல் மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் பிக்கோ-8இல் நாலே நாளில் செய்தார்களே, அது. பிக்கோ-8 என்பது இல்லாத ஒரு பழைய கேம் மெஷின். சாஃப்ட்வேரில் மட்டும் இருக்கிறது. திரை 128-க்கு 128 புள்ளி, நிறம் 16. உங்கள் 2 ஜிபி அதற்கு அரண்மனை மாதிரி.

ஒரு குட்டிப் பெண் மலை ஏறுகிறாள். குதிக்கலாம், அந்தரத்தில் ஒரே ஒரு முறை பாயலாம். பாய்ந்ததும் சிவப்பு முடி நீலமாகிவிடும். நீலமாக இருந்தால் இனி பாய முடியாது, தரையில் கால் வைத்தால் மறுபடி சிவப்பு. திரையின் மூலையில் கோடு, எண், பேட்டரி மாதிரி ஒரு படம், எதுவும் கிடையாது. முடி நிறமே கணக்கு. இதை நான் கவனித்ததே இருபதாவது தடவை செத்த பிறகுதான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே கை கற்றுக்கொண்டிருந்தது.

மொத்தம் 30 திரை. கை பழகினவர்கள் சில நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். நான் முதல் தடவை முடித்தபோது உச்சியில் கொடி நட்டு, எத்தனை ஸ்ட்ராபெரி எடுத்தேன், எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை தடவை செத்தேன் என்று கணக்குக் காட்டியது. செத்த கணக்கை இங்கே எழுத மாட்டேன்.

பெரிய செலஸ்டே வந்தபோது இந்தச் சின்னதையும் அதற்குள்ளேயே ஓர் அறையில் ஒளித்து வைத்திருந்தார்கள். தாத்தா வீட்டுப் பரணில் அப்பாவின் பம்பரத்தைக் கண்டெடுத்த மாதிரி இருந்தது.

*

சும்மாஇரு எழுதியது:

சூப்பர்ஹாட். 2013-இல் ஏழு நாள் ஜாமில் செய்தது. நீ நகர்ந்தால்தான் நேரம் நகரும், நீ நின்றால் துப்பாக்கிக் குண்டும் அந்தரத்தில் நிற்கும். வேறு பேச்சே கிடையாது.

*

ஜெராக்ஸ்கடை எழுதியது:

@சும்மாஇரு தம்பி, அதைத் திறந்து பார்த்தேன். சிபியூ ஃபேன் மாவு மில் மாதிரி கத்தியது, லேமினேஷனுக்கு வந்த அம்மா இரண்டடி தள்ளி நின்றார்கள். உங்கள் விளையாட்டில் நகர்ந்தால் நேரம் நகரும். என் கடையில் நான் நகர்ந்தும் நேரம் நகரவில்லை.

@மலையேறி முடி நிற விஷயம் அருமை. பன்னிரண்டாவது திரையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

*

பூச்சிக்காதலன் எழுதியது:

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். நான் ஒரு மோசமானதைச் சொல்கிறேன்: 'ஹங்ரி நைட்'. 2013 ஆகஸ்ட் லூடம் டேர், தலைப்பு '10 நொடி'. ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர் செய்தது. பசியோடு ஒரு குட்டி வீரன், பூச்சிகளை அடித்து பசி தீர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நியூகிரவுண்ட்ஸ் தளத்தில் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்தான் விழுந்தது.

அப்புறம் 'மேற்பரப்புக்கு அடியில்' என்று இன்னொரு ஜாம் தலைப்பு வந்தது. அதற்கு ஏதோ செய்யப்போய் நேரத்துக்குள் முடிக்கவே இல்லை. ஆனால் பூமிக்கு அடியில் ஓர் உலகம் என்கிற யோசனை தங்கிவிட்டது. அதே வீரனை அங்கே இறக்கினார்கள். அதுதான் 2017-இல் வந்த 'ஹாலோ நைட்'.

ஒரு நட்சத்திரம் வாங்கியது ஒன்று, கெடுவைத் தவறவிட்டது ஒன்று. அப்பன் ஆத்தாள் இரண்டு பேருமே பரீட்சையில் ஃபெயில், பிள்ளை ரேங்க் ஹோல்டர். இப்போது போய் ஹங்ரி நைட்டை விளையாடினால் சுமார்தான். ஆனாலும் அந்த இரண்டு கொம்பு முகத்தை அங்கே பார்க்கும்போது ஒரு மாதிரி சிரிப்பு வருகிறது.

*

மாவுவாளி எழுதியது:

விளையாடினதை எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நான் செய்து பார்த்த கதையைச் சொல்கிறேன். 2020 ஏப்ரல், லாக்டவுன். லூடம் டேர் தலைப்பு 'உயிரோடு வைத்திரு'. உலகம் முழுக்க எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால் வழக்கத்தைவிட அதிகமாகக் கூட்டம். நானும் தனி ஆளாக 48 மணி நேரத்தில் இறங்கினேன். தங்கை மட்டும் சத்தம் கொடுத்தாள் (விதிப்படி தப்பு, பிறகு சொல்கிறேன்).

தலைப்பைப் பார்த்ததும் செடி, மீன், நெருப்பு என்று யோசித்துவிட்டு, எல்லோரும் அதைத்தான் செய்வார்கள் என்று விட்டேன். சமையலறையில் அம்மா "மாவு பொங்கிடுச்சுடா" என்றார்கள். முடிந்தது கதை. ஒரு சம்படம், அதில் இட்லி மாவு. விட்டால் பொங்கி வழியும், கரண்டியால் கலக்கிவிட்டால் அடங்கும். அதிகம் கலக்கினால் புளிப்பு நின்றுவிடும். வெயில் அடித்தால் சீக்கிரம் புளிக்கும், மழை பெய்தால் தூங்கும். காலை ஆறு மணி வரை உயிரோடு காப்பாற்றினால் இட்லி.

சனிக்கிழமை முழுக்க மாவு பொங்குகிற மாதிரி காட்டுவதிலேயே போய்விட்டது. குமிழி வந்தால் சோப்பு நுரை மாதிரி இருக்கிறது, குமிழி இல்லாவிட்டால் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது. கடைசியில் குமிழி உடைந்த பிறகு ஒரு சின்னக் குழி மட்டும் கொஞ்ச நேரம் நிற்கிற மாதிரி வைத்தேன். உடனே மாவு ஆகிவிட்டது! அந்தக் குழிக்கு நாலு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி நாற்பது நிமிஷம்தான் தாங்கும்.

தங்கை நிஜ மாவில் கையை விட்டு அடித்து, அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்து கொடுத்தாள். தனி ஆள் போட்டியில் அடுத்தவர் கை படக்கூடாது என்று விதியைப் படித்ததும் அதை எடுத்துவிட்டு நானே போய் அடித்தேன். அவள் அடித்ததுதான் நன்றாக இருந்தது.

பெரிய முட்டாள்தனம் என்னவென்றால் டவுன்லோட் செய்கிற மாதிரி மட்டும் போட்டேன். முன்பின் தெரியாதவன் கொடுக்கிற ஃபைலை யார் இறக்குவார்கள்? பிரவுசரிலேயே ஓட வேண்டும். இதைப் புரிந்து மாற்றிப் போடுவதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. குறைந்தது இருபது பேர் மதிப்பெண் போட்டால்தான் ரேங்க் கொடுப்பார்கள். எனக்கு விழுந்தது பதினாலு. அடுத்தவர் விளையாட்டை நாம் விளையாடி மதிப்பெண் போட்டால் அவர்கள் நம்முடையதைத் தேடி வருவார்கள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. மொய் எழுதுகிற கணக்குதான், நமக்குத் தெரியாததா! ஒருவர் மட்டும் கீழே எழுதியிருந்தார்: "இந்த வெள்ளைப் பிராணியின் பெயர் என்ன? அழகாக மூச்சு விடுகிறது."

*

சொல்தள்ளி எழுதியது:

மாவுவாளி, அந்தப் பிராணிக்கு நான் பதினைந்தாவது மதிப்பெண் போடுகிறேன். லிங்க் கொடுங்கள்.

என்னுடைய ஓட்டு 'பாபா இஸ் யூ'வின் ஜாம் வடிவத்துக்கு. 2017 நார்டிக் கேம் ஜாம், தலைப்பு 'அங்கே இல்லை'. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்க்காரி செய்து, அந்த ஜாமில் ஜெயித்தது. திரையில் சொற்கள் கட்டை கட்டையாகக் கிடக்கும். 'சுவர்', 'என்பது', 'தடை' என்று மூன்று கட்டை வரிசையாக இருந்தால் சுவர் தடுக்கும். ஒன்றைத் தள்ளிவிட்டால் சுவருக்குள் நடந்து போகலாம். 'பாபா என்பது நீ' (பாபா என்பது நாம் நகர்த்துகிற குட்டிப் பிராணி) என்பதையே உடைத்துவிட்டால் விளையாட ஆளே இல்லாமல் திரை அப்படியே நிற்கும். தலைப்பில் இருந்த 'இல்லை'யைப் பிடித்துக்கொண்டு யோசித்திருக்கிறார். 'பனிக்கட்டி உருகாது' என்று எழுதிவிட்டால் எரிமலைக் குழம்பிலும் உருகாது அல்லவா, அப்படி ஆரம்பித்ததாம்.

நான் தமிழ் வாத்தியார், அதனால் ஒரு கிறுக்கு வேலை செய்தேன். தமிழில் இதைச் செய்ய முடியுமா என்று அட்டை வெட்டி மேஜைமேல் பரப்பிப் பார்த்தேன். மேலே 'என்பது' என்று எழுதியதே பித்தலாட்டம். நாம் அப்படியா பேசுகிறோம்? 'பாபா நீ' என்றாலே வாக்கியம் முடிந்தது. நடுவில் இணைக்கிற ஆணி நம் மொழியில் கிடையாது. அந்த ஆணியைப் பிடுங்குவதில்தான் மொத்த விளையாட்டே இருக்கிறது. ஆணி இல்லாவிட்டால் எந்த இரண்டு அட்டை பக்கத்தில் வந்தாலும் விதி ஆகிவிடுகிறது. 'பாறை'யை ஓரமாகத் தள்ளப் போனேன், 'கொடி' பக்கத்தில் போய் நின்றது. ஊரில் இருந்த பாறை எல்லாம் கொடி!

முதலில் இது நடக்காது என்று நினைத்தேன். இப்போது அதுவே வேறொரு விளையாட்டு என்று தோன்றுகிறது. வாக்கியத்தைச் சேர்க்கிறது சுலபம், சேராமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். இன்னும் திருப்பித் தரவில்லை.

*

சிங்கைநைட்ஷிப்ட் எழுதியது:

ஜெராக்ஸ் அண்ணே, உங்கள் நிபந்தனைக்கு ஒன்று சொல்கிறேன், உங்கள் கம்ப்யூட்டரே வேண்டாம். 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்'. 2014 குளோபல் கேம் ஜாமில் கனடாவின் ஒட்டாவாவில் செய்தது, 2015-இல் விற்பனைக்கு வந்தது. ஒருவர் முன்னால் வெடிகுண்டு இருக்கும். அதை அணைக்கிற வழி 23 பக்கக் கையேட்டில் இருக்கும், அது மற்றவர் கையில். குண்டு வைத்திருப்பவர் கையேட்டைப் பார்க்கக் கூடாது, கையேட்டுக்காரர் குண்டைப் பார்க்கக் கூடாது. பேசியே அணைக்க வேண்டும். விளையாட்டு ஓர் ஆளிடம் இருந்தால் போதும். கையேடு இலவசம், பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

ரூமில் நாங்கள் நாலு பேர். மூன்று தப்பு விட்டால் குண்டு வெடிக்கும். ஒவ்வொரு தப்புக்கும் கடிகாரம் வேகமாக ஓடும். அதில் சொல் வருகிற பகுதி ஒன்று இருக்கிறது, அங்கேதான் எங்கள் இங்கிலீஷ் எல்லாம் மானம் போகும். திரையில் 'ரெட்' என்று வந்தது. "எந்த ரெட்?" "கலர் ரெட் இல்ல, படிச்ச ரெட்." "படிக்கிற ரீடா?" "எழுத்து அதேதான்!" "அப்போ கோரைப்புல் ரீடு வேற இருக்கே, அது இல்லையே?" "புல்லு இல்லடா, புஸ்தகம்!" இதற்குள் பதினெட்டு நொடி. இப்போது எங்களுக்கென்று ஒரு பாஷையே இருக்கிறது: கலர் ரெட், புஸ்தக ரெட், புல் ரீடு, பல்பு லெட், ஈயம் லெட்.

என்னிடம் விளையாட்டு இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் போன் போடுகிறேன். கையேட்டை அடித்து வையுங்கள் அண்ணே.

*

ஜெராக்ஸ்கடை எழுதியது:

23 பக்கம், பேக் டு பேக், ஸ்பைரல் பைண்டிங். கடையில் எனக்காக நானே பில் போடாமல் செய்த முதல் வேலை.

நேற்று சிங்கைத் தம்பி போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தேன். முதல் குண்டு: நாலு வயர். நான் படிக்கிறேன், சிவப்பு ஒன்றுக்கு மேல் இருந்து, குண்டின்மேல் இருக்கிற சீரியல் நம்பரின் கடைசி எண் ஒற்றைப்படையாக இருந்தால் கடைசிச் சிவப்பை வெட்டு. "சிவப்பு ரெண்டு இருக்கு அண்ணே." "அப்போ கடைசிச் சிவப்பை வெட்டு தம்பி." சீரியல் நம்பரைக் கேட்க மறந்துவிட்டேன். ஒரு தப்பு. அவர் கடிகாரம் வேகமெடுப்பது எனக்கே கேட்டது.

அந்த நேரம் பார்த்துப் பட்டா காப்பி எடுக்க ஒரு பெரியவர் வந்தார். வயர்மேன் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், வாரம் ஒரு முறை வருவார். "என்னப்பா, யாரு எதை வெட்டுறது?" என்றார். சுருக்கமாகச் சொன்னேன். கையேட்டை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நீ என் காப்பியைப் போடு, நான் பார்த்துக்கிறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நான் பட்டாவை மெஷினில் வைத்து மூடினேன். பின்னால் அவர் குண்டின் இன்னொரு வயர்ப் பகுதிக்காகப் போனைப் பார்த்துப் பேசுகிறார்: "தம்பி, கையை எடு. எதையும் தொடாதே. முதல்ல எத்தனை வயர், மேலிருந்து கீழே கலரைச் சொல்லு. சிவப்பு இல்லையா, மூணு வயரா? ரெண்டாவதை வெட்டு. வெட்டியாச்சா? சரி, அடுத்தது." எனக்கு ஒரு தடவைகூட அந்த நிதானம் வரவில்லை.

வயர் எல்லாம் முடித்தார். பட்டனையும் முடித்தார். கடைசியாகச் சொல் பகுதி வந்தது. சிங்கைத் தம்பி பதற்றத்தில் "புஸ்தக ரெட்!" என்று கத்தினார். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பதில் சொல்வதற்குள் போனில் வெடித்துவிட்டது.

காப்பிக்கு நாலு ரூபாய் கொடுத்தார். அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, கையேட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு இன்னொன்று அடிக்க வேண்டும்.